கடலடிக் குழாய்களும் தானியங்கிப் பற்றவைப்பும் – ஒரு மதிப்பீடு

கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய்களையும் எரிவாயுக் குழாய்களையும் பதிக்கும் கப்பல்களைப் பற்றி எழுதுவோர் மூன்று பெருமைகளைச் சொல்லத் தவறுவதில்லை. ஒரு நாளில் இத்தனை கிலோமீட்டர் பதிக்கப்பட்டது என்பார்கள். நூறு இணைப்புகளில் ஒன்றுக்குக்கூடத் திருத்தம் தேவைப்படவில்லை என்பார்கள். மனிதக் கை படாமலே வேலை நடந்தது என்றும் சேர்த்துக் கொள்வார்கள். நிறுவனங்களின் விளம்பர ஏடுகளில் இவை இடம்பெறுவது இயல்பு. அறிவியல் நூல்களும் செய்தித்தாள்களும் அவற்றை அப்படியே எடுத்தாளும்போதுதான் சிக்கல் எழுகிறது. இந்தப் பெருமைகள் தானியங்கிப் பற்றவைப்பின் உண்மையான தகுதியை அளக்கின்றனவா என்பதே நாம் இங்கு கேட்கும் கேள்வி.

முதலில் வேலையின் அளவைப் புரிந்துகொள்வோம். ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலின் அடி வழியாக ஜெர்மனிக்குப் போடப்பட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்வழியை எடுத்துக்கொள்ளலாம். அதன் நீளம் 1,224 கி.மீ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய்கள். முதற்குழாய் 2011-லும் இரண்டாவது 2012-லும் இயங்கத் தொடங்கின. (2022 செப்டம்பரில் அவை வெடிவைத்து உடைக்கப்பட்டன. அதற்கும் பற்றவைப்புக்கும் தொடர்பில்லை.) உட்புற விட்டம் 1,153 மி.மீ.; அதாவது ஒரு சிறுவன் குனியாமல் உள்ளே நடந்து போகலாம். இரும்புச் சுவரின் தடிமன் இடத்துக்கு இடம் 27 மி.மீ. முதல் 41 மி.மீ. வரை. ஆலையிலிருந்து வந்த ஒவ்வொரு குழாய்த் துண்டும் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். எனவே ஒரு வழிக்கு மட்டும் சுமார் ஒரு லட்சம் துண்டுகள், சுமார் ஒரு லட்சம் இணைப்புகள். குழாயின் வெளிச்சுற்று ஏறத்தாழ 3.8 மீட்டர் என்றால், இணைப்புகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 380 கி.மீ. வரும். அதுவும் ஒரு முறை உலோகம் இட்டு முடிகிற காரியமன்று. சுவரின் தடிமனுக்கேற்பப் பல அடுக்குகள் இடவேண்டும். இவ்வளவில் ஓரிடத்தில் பழுது நேர்ந்தாலும் வழி முழுவதும் நின்றுபோகும்.

இனி வேலை நடக்கும் விதம். குழாய் பதிக்கும் கப்பல் ஒரு மிதக்கும் தொழிற்சாலை. அதன் நீளவாக்கில் ஒரு வரிசையாகப் பற்றவைப்பு நிலையங்கள் இருக்கின்றன. முதல் நிலையத்தில் புதுத் துண்டு, ஏற்கெனவே கடலுக்குள் இறங்கிக் கொண்டிருக்கும் குழாயின் முனையோடு பொருத்தப்பட்டு, அடிப்பகுதியின் முதல் அடுக்கு இடப்படுகிறது. அடுத்தடுத்த நிலையங்களில் இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்குகள் நிரப்பப்படுகின்றன. கடைசியில் மேல் அடுக்கு, பிறகு சோதனை, பிறகு இணைப்பின்மேல் காப்புப் பூச்சு. எல்லா நிலையங்களிலும் வேலை முடிந்ததும் கப்பல் ஒரு துண்டின் நீளம் முன்னே நகர்கிறது. குழாய் பின்புறமாகக் கடலில் இறங்குகிறது.

பந்தியில் பரிமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாம்பார் ஊற்றுபவர் தாமதித்தால் ரசக்காரரும் மோர்க்காரரும் வாளியுடன் நிற்க வேண்டியதுதான். கப்பலிலும் மிக மெதுவான நிலையம் எதுவோ அதுவே எல்லோருடைய வேகத்தையும் முடிவு செய்கிறது. நார்ட் ஸ்ட்ரீமின் பெரும்பகுதியைப் பதித்த ‘காஸ்தோரோ செய்’ என்ற கப்பலில் இரண்டு துண்டுகளை முன்னதாகவே இணைத்து 24 மீட்டராக்கி வரிசைக்கு அனுப்பினார்கள். நாளொன்றுக்கு 2.5 கி.மீ. என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 14 நிமிடத்துக்கு ஒருமுறை கப்பல் நகரவேண்டும். அந்த 14 நிமிடத்துக்குள் ஒவ்வொரு நிலையமும் 3.8 மீட்டர் சுற்றளவில் தன் அடுக்கை முடித்தாக வேண்டும். கப்பலுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு மிகப் பெரியது. ஆகவே நிமிடங்களைக் குறைக்கும் எதற்கும் அங்கே வரவேற்பு உண்டு.

வேகம் எங்கிருந்து வருகிறது?

பழைய முறையில் வெல்டர் ஒருவர் கையில் மின்முனைக் குச்சியைப் பிடித்து, குழாயின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வருவார். குச்சி தீர்ந்ததும் நிறுத்தி, கசடைத் தட்டி எடுத்து, புதுக் குச்சி மாட்டித் தொடங்குவார். குச்சி உள்ளே சென்று வேலை செய்ய இடம் வேண்டுமென்பதால் குழாய் முனைகளை 30 பாகை சாய்வாகச் சீவி, இரண்டும் சேரும்போது அகன்ற பள்ளம் உண்டாகும்படி செய்வார்கள்.

இயந்திர முறையில் குழாயைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை கட்டப்படுகிறது. அதைத் தண்டவாளமாகக் கொண்டு, கைப்பெட்டி அளவுள்ள சிறு வண்டிகள் இரண்டு, உச்சியிலிருந்து இடமும் வலமுமாக இறங்குகின்றன. வண்டியில் மெல்லிய உலோகக் கம்பிச் சுருள் உண்டு. கம்பி இடைவிடாமல் வெளிவந்து மின்வில்லில் உருகுகிறது. ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, உருகிய உலோகத்தைக் காற்றிடமிருந்து காக்கிறது. நிறுத்தவோ கசடு தட்டவோ வேண்டியதில்லை.

ஆனால் வேகத்தின் முதற்காரணம் இந்த வண்டியன்று, பள்ளத்தின் வடிவம். இதைப் பல விளக்கங்கள் விட்டுவிடுகின்றன. வாசகர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சுவர் 25 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் 30 பாகை சாய்ந்த பள்ளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 360 சதுர மி.மீ. இயந்திரத்துக்கென வெட்டப்படும் பள்ளம் குறுகலானது. அடியகலம் 4 மி.மீ., பக்கச் சாய்வு 4 பாகை என்று கொண்டால் பரப்பு 145 சதுர மி.மீ. அளவே வரும். நிரப்ப வேண்டிய உலோகம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது! கை நடுங்காமல், தூரம் மாறாமல் மெல்லிய கம்பியைக் கொண்டுசெல்லும் இயந்திரம் இருப்பதால்தான் இத்தகைய குறுகிய பள்ளத்தை நிரப்ப முடிகிறது என்பது வேறு செய்தி.

மற்றொரு நன்மையையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். பழைய குச்சிகளின் மேற்பூச்சில் செல்லுலோஸ் இருந்தது. அது எரியும்போது ஹைட்ரஜன் வெளிப்பட்டு உலோகத்தில் புகும். வலிமை மிகுந்த எஃகுகளில் இந்த ஹைட்ரஜன், இணைப்பு ஆறிய பல மணி நேரத்துக்குப் பிறகும் வெடிப்பை உண்டாக்கக் கூடியது. கம்பியும் வாயுவும் கொண்ட இயந்திர முறையில் அந்த ஹைட்ரஜன் பெருமளவு குறைந்துவிடுகிறது. விளம்பரங்கள் வேகத்தைப் பாடும் நேரத்தில் இதைப் பாடியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கை படாமலா?

‘தானியங்கி’ என்ற சொல்லைத் தொழிலில் உள்ளவர்களே எச்சரிக்கையுடன்தான் கையாளுகிறார்கள். அவர்கள் ‘இயந்திரமயமான பற்றவைப்பு’ என்று வேறு ஒரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஓர் இயக்குநர் இருக்கிறார். கருங்கண்ணாடி வழியாக உருகிய குட்டையைப் பார்த்து, கம்பியின் முனை பள்ளத்தின் நடுவில் ஓடுகிறதா, ஒரு பக்கச் சுவரை நோக்கிச் சாய்கிறதா என்று கவனித்து, விரலால் சற்றே திருத்துகிறார். மின்வில்லின் மின்னழுத்த மாறுதலை உணர்ந்து தானே நடுவைத் தேடிச் செல்லும் கருவிகளும் வந்துவிட்டன. அப்போதும் மேற்பார்ப்பவர் உண்டு. கை மறையவில்லை, குச்சியைப் பிடித்திருந்த கை குமிழைப் பிடித்திருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று. இணைப்பில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்கிறார்கள்? அந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்புகிறார்கள். இந்தத் திருத்தம் பெரும்பாலும் கையால்தான் நடைபெறுகிறது. அதாவது வரிசையிலேயே மிகத் தொல்லையான பற்றவைப்பு — ஏற்கெனவே ஒருமுறை சூடேறி ஆறிய உலோகத்தில், ஒழுங்கற்ற குழியில், மேலே குழாயின் இழுவிசை இருக்கும்போது செய்யவேண்டிய பற்றவைப்பு — இயந்திரத்தின் பங்கில் வரவில்லை. திருத்தங்கள் அரிதாக ஆக, அதைச் செய்யும் வெல்டருக்கு நாள்தோறும் கைப்பழக்கம் கிடைப்பதும் அரிதாகிவிடுகிறது. விழுக்காட்டைக் கொண்டாடுவோர் இதையும் நினைக்கவேண்டும் என்பது நம் கருத்து.

விழுக்காடு எதை அளக்கிறது?

‘நூற்றில் ஒன்றுக்கும் குறைவு’ என்பது கேட்க இனிக்கிறது. ஒரு லட்சம் இணைப்புகளில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஆயிரம் திருத்தங்கள் என்பதை யாரும் சொல்வதில்லை, அது போகட்டும். குறை என்பது எது என்று தீர்மானிப்பவர் யார்?

பல ஆண்டுகள் வரை எக்ஸ் கதிர்ப் படமே சோதனை. அதில் காற்றுக் குமிழிகளும் கசடுத் துணுக்குகளும் நன்றாக நிழலிடும். ஆனால் குறுகிய பள்ளத்தில் இயந்திரம் உண்டாக்கக்கூடிய முக்கியக் குறை வேறு வகை. உருகிய உலோகம் பக்கச் சுவரோடு ஒட்டாமல், காகிதம் போன்ற மெல்லிய இடைவெளி தங்கிவிடுவது அது. கதிரின் திசைக்குச் சற்றே சாய்ந்திருந்தாலும் இந்த இடைவெளி நிழலிடுவதில்லை. நிழலிட்டாலும் சுவரின் தடிமனில் அது எவ்வளவு உயரம் பரவியிருக்கிறது என்பது தெரியாது. எனவே 1990களிலிருந்து மீயொலிச் சோதனை கப்பல்களில் இடம் பிடித்தது. குழாயைச் சுற்றி ஓடும் ஆய்வுக் கருவி, பள்ளத்தின் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே ஒலிக்கற்றையை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்கிறது. இயந்திரப் பற்றவைப்பின் வளர்ச்சியில் சரிபாதிப் புகழ் இந்தச் சோதனை முறைக்கே சேரவேண்டும்.

உயரத்தை அளக்க முடிந்ததும் விதியும் மாறிற்று. பழைய விதி, ‘நல்ல வேலைக்காரர் செய்தால் இவ்வளவு குறைக்கு மேல் இராது’ என்ற அனுபவத்தின் மேல் எழுந்தது. புதிய முறையில், எஃகின் முறிவுத் தாங்குதிறனை ஆய்வகத்தில் அளந்து, எவ்வளவு பெரிய பிளவு இருந்தால் குழாய் தாங்கும் என்று முறிவு இயக்கவியல் கொண்டு கணக்கிட்டு, அதற்குட்பட்ட குறைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது அறிவியல் முறைதான். தேவையில்லாத திருத்தமே சில சமயம் தீங்கு செய்யும் என்பதால் நல்ல முறையும்கூட. ஆனால் இதன் விளைவு என்ன? ஒரே இணைப்பு ஒரு திட்டத்தில் தள்ளப்படும். மற்றொரு திட்டத்தில் ஏற்கப்படும். அப்படியிருக்க, இரண்டு கப்பல்களின் விழுக்காடுகளை அருகருகே எழுதி, எது சிறந்த இயந்திரம் என்று தீர்ப்புச் சொல்வது, வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரு மாணவர்களின் மதிப்பெண்களை ஒப்பிடுவது போன்றது.

காணாத குறை

இதுவரை சொன்னவை கண்ணுக்கோ கருவிக்கோ தெரியும் குறைகள். தெரியாத ஒன்று உண்டு. அதை விளக்கக் கஸ்பியன் கடலுக்குப் போகவேண்டும்.

அதன் வடபகுதியில், கஜகஸ்தானுக்கு உரிய கஷகான் எண்ணெய் வயல் 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆழம் சில மீட்டரே. ஆனால் அந்த எண்ணெயோடு வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிக அதிகம். அழுகிய முட்டை நாற்றமுள்ள, உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. பல நாட்டு நிறுவனங்கள் கூடிப் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து, 2013 செப்டம்பர் 11-ஆம் நாள் உற்பத்தியைத் தொடங்கின. செப்டம்பர் 24-ஆம் நாள் கரைக்கு வரும் வாயுக் குழாயில் கசிவு கண்டு நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்கியபோது அக்டோபர் 9-ஆம் நாள் மறுபடியும் கசிவு. குழாயைத் தோண்டி ஆராய்ந்தபோது வெடிப்புகள் தெரிந்தன. வாயுக் குழாய் மட்டுமல்ல, எண்ணெய்க் குழாயும் சேர்த்து, ஏறத்தாழ 200 கி.மீ. நீளத்தையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. உற்பத்தி மறுபடி தொடங்கியது 2016 அக்டோபரில்தான்.

காரணம், உலோகவியலார் நன்கறிந்த ‘சல்ஃபைடு தகைவு வெடிப்பு’. எஃகு எங்கே அளவுக்கு மேல் கடினமாக இருக்கிறதோ அங்கே, ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. இழுவிசையும் சேர்ந்தால் வெடிப்பு விரைவாக ஓடுகிறது. கஷகானில் பற்றவைப்பை ஒட்டிய பகுதிகளில் இவ்வாறு கடினத்தன்மை உயர்ந்திருந்தது.

பற்றவைப்பால் எஃகு ஏன் கடினமாகிறது? பழுக்கக் காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் நீரில் தோய்ப்பது ஏன் என்பதை நினைவுகூர்ந்தால் போதும். திடீரென ஆறும் எஃகு கடினமாகும். குழாயில் நீருக்குப் பதிலாக, சுற்றியுள்ள தடித்த குளிர்ந்த இரும்பே வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. உருகிய பகுதியை ஒட்டி, உருகாமல் ஆனால் செந்நிறமாகக் காய்ந்து ஆறும் சில மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டைதான் ஆபத்தானது. இதற்கு ‘வெப்பப் பாதிப்பு மண்டலம்’ என்று பெயர். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள இடங்களில் இந்தப் பட்டையின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 250-ஐத் தாண்டக்கூடாது என்பது பொது விதி.

இப்போது வேகத்தைக் கவனியுங்கள். குறுகிய பள்ளம், மெல்லிய கம்பி, விரைந்த ஓட்டம் — இயந்திரத்தின் பெருமைகளான இவை மூன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் செலுத்தப்படும் வெப்பத்தைக் குறைக்கின்றன. வெப்பம் குறைந்தால் ஆறும் வேகம் கூடும். ஆறும் வேகம் கூடினால் கடினத்தன்மை கூடும். எந்தக் குணம் கப்பலை விரைவாக ஓட்டுகிறதோ அதே குணம் இந்தப் பட்டையைக் கடினமாக்கும் திசையிலும் தள்ளுகிறது. இதற்கு மாற்று உண்டு. கரி அளவு மிகக் குறைந்த எஃகைத் தேர்ந்தெடுக்கலாம். பற்றவைக்கும் முன் முனைகளைச் சூடேற்றலாம். மேல் அடுக்கின் வெப்பத்தால் கீழ் அடுக்கைப் பதப்படுத்தும்படி வரிசையை அமைக்கலாம். இவற்றைச் சரியாகச் செய்தவர்கள் இயந்திரத்தைக் கொண்டே நல்ல இணைப்புகளை உண்டாக்கியிருக்கிறார்கள். கஷகான் கதையை இயந்திரத்தின் மேல் பழி போடுவதற்காக நாம் சொல்லவில்லை.

சொல்ல வந்தது சோதனையைப் பற்றி. மீயொலி பிளவைக் காணும், கடினத்தன்மையைக் காணாது. பிளவு இன்னும் பிறக்கவே இல்லை. வாயு வந்த பிறகுதான் பிறக்கப் போகிறது. புதுக் குழாயில் நீரை நிரப்பி அழுத்தும் சோதனையிலும் தெரியாது. நீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. ஆகத் திருத்த விழுக்காடு சுழியமாகவே இருக்கலாம். இணைப்பு ஒவ்வொன்றும் அழகாக இருக்கலாம். குழாய் இரண்டு வாரத்தில் ஒழுகலாம்.

இங்கேதான் கைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள ஆழமான வேறுபாடு வெளிப்படுகிறது. நூறு வெல்டர்கள் செய்த வேலையில் தவறுகள் சிதறிக் கிடக்கும்: ஒருவர் வேகமாக இழுத்திருப்பார், ஒருவர் மெதுவாக. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் ஏதேனும் ஒன்று சிக்கும். இயந்திரமோ முதல் இணைப்பை எப்படிச் செய்ததோ அப்படியே ஒரு லட்சமாவதையும் செய்ய முயல்கிறது. முறை சரியாக வகுக்கப்பட்டிருந்தால் இதைவிடப் பெரிய நன்மை இல்லை. முறையில் பிழை இருந்தால் ஒவ்வோர் இணைப்பிலும் அதே பிழை உறங்கும். ஆகவே தானியங்கிப் பற்றவைப்பின் தரம் தீர்மானிக்கப்படுவது கடலில் அன்று; கப்பல் புறப்படுவதற்கு முன், அதே எஃகில் மாதிரி இணைப்புகள் செய்து, அறுத்து, மெருகேற்றி, வைர முனையால் அழுத்திக் கடினத்தன்மை அளக்கும் ஆய்வகத்தில். ‘ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று வெளியிடுவோர், ‘புறப்படுமுன் எத்தனை மாதிரிகளை அறுத்துப் பார்த்தோம்’ என்பதையும் வெளியிடலாமே!

பாராட்டுக்குரிய இடம்

‘மனிதக் கை படாமல்’ என்ற சொற்றொடர் முழு மதிப்போடு பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது கப்பல் தளமன்று, கடலடி.

பதித்து முடிந்த குழாயோடு கிளை சேர்க்கவோ உடைந்ததைப் பழுது பார்க்கவோ வேண்டுமானால், குழாயின் மேல் ஒரு கூடத்தைக் கவிழ்த்து, நீரை வாயுவால் வெளியேற்றி, உலர்ந்த இடத்தில் பற்றவைக்கிறார்கள். கூடத்துக்குள் இருக்கும் அழுத்தம் அந்த ஆழத்தின் அழுத்தமே. மூழ்காளர்கள் அதே அழுத்தத்தில் வாரக்கணக்கில் வாழ்ந்து வேலை செய்யவேண்டும். அவ்வாழ்க்கை எத்தகையது என்பதை 1983 நவம்பர் 5-ஆம் நாள் வட கடலில் ‘பைஃபர்டு டால்ஃபின்’ மேடையில் நிகழ்ந்தது காட்டியது. ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் இருந்த அறை ஒரு நொடிக்குள் ஒரு வளிமண்டலத்துக்கு இறங்கிவிட்டது. மூழ்காளர் நால்வரும் உதவியாளர் ஒருவரும் இறந்தனர்.

அழுத்தம் கூடக் கூட மின்வில் ஒடுங்கி நிலைகுலைகிறது. கப்பலில் வகுத்த முறை அங்கே செல்லாது. நார்வே நாட்டினர் இதற்கெனத் தனிக் கருவிகளைப் பல ஆண்டுகளாக உருவாக்கி, மூழ்காளரின் பங்கைப் படிப்படியாகக் குறைத்து வந்தார்கள். 2012-இல் ஆஸ்கார்டு வயலில், 265 மீட்டர் ஆழத்தில், வாயு ஓடிக்கொண்டிருந்த குழாயின் மேல் ஒரு கிளை இணைப்பை மூழ்காளர் எவரும் இறங்காமலே பற்றவைத்தார்கள். இயக்கியவர்கள் மேலே கப்பலில், படக்கருவி அனுப்பிய காட்சியைத் திரையில் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள்.